ஊதாவா, லோட்டனா? தேன்சிட்டின் பெயரைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் அதில் என்ன செய்கிறார்கள்? பாட்டு, சினிமா, கேம்ஸ், பிள்ளைகளின் பள்ளி வேலை, உறவினர் வீட்டுத் திருமண போட்டோக்கள். இரண்டாவது மாதத்தில், "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அப்படிக் கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது. இதற்குத் தேவையான புரோகிராம்களில் பெரும்பாலானவை உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்கனவே உள்ளன. மற்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு செம்பருத்திச் செடியோ முருங்கை மரமோ இருந்தால் போதும்.

அந்தச் செடிக்கு வரும் கறுப்புத் தேன்சிட்டு எந்த இனம் என்று உறுதியாகச் சொல்வதுதான் அந்த வேலை. இது எளிது என்று நினைக்க வேண்டாம். என் மாமனார் மூன்று ஆண்டுகள் தவறாகவே எழுதி வந்தார்.

மாமாவின் பட்டியல்

என் மாமனார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். செங்கல்பட்டு அருகே வீடு. ஓய்வு பெற்றதும் மகள் ஒரு கம்ப்யூட்டரும், நீண்ட ஜூம் உள்ள ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கித் தந்தாள். அவர் தினமும் காலையில் வீட்டைச் சுற்றிப் பறவைகளைப் பார்த்து, இபேர்ட் என்ற இணைய தளத்தில் பட்டியலாக ஏற்றத் தொடங்கினார். செம்பருத்தியில் கறுப்பாக மின்னிக்கொண்டு வரும் சிட்டுக்கு, கையிலிருந்த ஒரு சிறு புத்தகத்தைப் பார்த்து, ஊதாத் தேன்சிட்டு என்று எழுதினார். அடுத்த நாளும் அதையே எழுதினார். மூன்று ஆண்டுகள் அதே பெயர்தான்.

பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது, "மாப்பிள்ளை, இந்தப் படத்துக்கு போன் வேற ஏதோ பேர் சொல்லுது, கொஞ்சம் பாருங்க" என்று அழைத்தார். போன் சொன்ன பெயர் லோட்டன் தேன்சிட்டு. போன் சொல்வது சரியா, மாமா எழுதியது சரியா? இரண்டு மாலைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பழைய படங்களை எல்லாம் சோதித்தோம். அதில் நாங்கள் கற்றுக்கொண்டவைதான் இங்கே தரப்படுகின்றன.

முதலில், யார் யார்?

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பொதுவாகக் காணப்படும் தேன்சிட்டுகள் மூன்று. இவற்றில் ஒன்றை உடனே ஒதுக்கிவிடலாம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு வெளிர் மஞ்சளாக இருக்கும். மேலே எத்தனை நிறம் மின்னினாலும் வயிறு மஞ்சளாகவும், மார்பின் குறுக்கே அரக்கு நிறப் பட்டையும் இருந்தால் அது இதுதான்.

மீதமுள்ள இரண்டும்தான் குழப்புபவை. ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. இரண்டின் ஆண்களும் தூரத்தில் முழுக் கறுப்பு. வெயில் பட்டால் நீலம், ஊதா, பச்சை என மின்னும். இரண்டுக்கும் வளைந்த அலகு. இரண்டும் ஒரே செடிக்கு வரும்.

ஊதாத் தேன்சிட்டு மேற்காசியாவின் சில பகுதிகளில் இருந்து இந்தியா வழியாகத் தென்கிழக்காசியா வரை பரவியுள்ள பறவை. லோட்டன் தேன்சிட்டு அப்படி அல்ல. இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறு எங்கும் இல்லை. டில்லியில் இருப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது. இரண்டும் சேர்ந்து வாழும் நம் பகுதியில்தான் கவனம் தேவை.

லோட்டன் என்பது ஒரு மனிதரின் பெயர். யோவான் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சுக் கவர்னராக இருந்தவர். பறவைகளில் ஆர்வம் கொண்டவர். பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு அங்குள்ள பறவைகளை வரையச் செய்தார். 1766ஆம் ஆண்டு லின்னேயஸ் இந்தச் சிட்டுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது லோட்டனின் பெயரையே வைத்தார். அன்று ஓவியர் செய்த வேலையை இன்று நம் கேமராவும் கம்ப்யூட்டரும் செய்யப் போகின்றன.

ஒரே பார்வையில்

அலகு: ஊதாவுக்கு நடுத்தர நீளம், ஏறத்தாழ தலையின் நீளம்தான். லோட்டனுக்குத் தலையைத் தெளிவாக மிஞ்சும் நீளம், வளைவும் அதிகம்.

உடல்: ஊதா சுமார் 10 செ.மீ. லோட்டன் 12 முதல் 13 செ.மீ. இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி அலகால் வருவது.

ஆணின் வயிறு: ஊதாவுக்கு நீலம் கலந்த கறுப்பு. லோட்டனுக்குப் புகை படிந்தது போன்ற பழுப்பு.

மார்புப் பட்டை: லோட்டனுக்கு அகலமான அரக்குப் பட்டை. ஆனால் ஊதாவுக்கும் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஒன்று தெரிவதுண்டு. எனவே "பட்டை இருக்கிறது, ஆகவே லோட்டன்" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பெட்டை: இரண்டும் மேலே மங்கிய பழுப்பு, கீழே மஞ்சள். ஊதாப் பெட்டைக்குக் கண்ணுக்கு மேல் மெலிதான வெளிர் புருவம் உண்டு. பெட்டைகளைப் பிரிக்கவும் அலகுதான் நம்பகமான அடையாளம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் ஊதாத் தேன்சிட்டு தன் மின்னும் உடையைக் களைந்து, கிட்டத்தட்டப் பெட்டை போலவே மாறிவிடும். தொண்டையில் இருந்து வயிறு நோக்கி ஒரு கரும்பட்டை மட்டும் மிஞ்சும். இதைப் புதிய இனம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் பலர். நிறம் மாறினாலும் அலகு மாறுவதில்லை.

படம் எடுக்கும்போது

கம்ப்யூட்டரில் எவ்வளவு சோதித்தாலும், படத்தில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. எனவே கேமராவிலேயே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வெளிச்சம். வெளுத்த வானத்துக்கு எதிரே கறுப்புப் பறவை இருந்தால், கேமரா வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பறவை வெறும் நிழலாக விழும். பெரும்பாலான கேமராக்களில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று அதற்குப் பெயர். அதில் +1 வைத்து எடுங்கள். வானம் வெளுத்துப் போகும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது பறவையின் வயிறு.

இரண்டு, பக்கவாட்டுத் தோற்றம். அலகு முழுவதும் பக்கவாட்டில் தெரிய வேண்டும். பூவுக்குள் அலகை நுழைத்திருக்கும் படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அலகின் நீளத்தைச் சொல்லாது. தேன் குடித்து முடித்துச் சிட்டு பக்கத்துக் கிளையில் அலகைத் துடைக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

மூன்று, தொடர் படங்கள். தேன்சிட்டு ஓரிடத்தில் நிற்காது. கேமராவில் பர்ஸ்ட் என்ற தொடர் படப் பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பத்துப் படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும்.

கூடு இருக்கும் இடத்திற்கு அருகில் போக வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பெற்றோர் கூட்டைக் கைவிட்டால் குஞ்சுகளுக்கு நஷ்டம்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

கேமராவின் மெமரி கார்டைக் கார்டு ரீடரில் போட்டோ, கேபிள் மூலம் இணைத்தோ படங்களை நேரடியாகக் காப்பி செய்திடுங்கள். போனில் எடுத்த படமானால், அதையும் கேபிள் மூலம் மாற்றுவதே நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இரண்டு இழப்புகள். படம் சுருக்கப்பட்டு நுணுக்கங்கள் போய்விடும். படத்துடன் மறைவாகப் பதிவாகி இருக்கும் தேதி, நேரம் போன்ற தகவல்களும் நீங்கிவிடும். அதில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் டாக்குமெண்ட் என்ற பிரிவில் அனுப்புங்கள்.

அந்த மறைவான தகவலைப் பார்க்க, பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்தால், படம் எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர் எல்லாம் வரிசையாகக் காட்டப்படும். கேமராவில் தேதி தவறாக இருந்தால் இங்கும் தவறாகவே இருக்கும். எனவே முதலில் கேமராவின் தேதியைச் சரி செய்திடுங்கள். போனில் எடுத்த படமானால், எடுத்த இடமும் இதில் பதிவாகி இருக்கலாம். வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் முன் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது போல்டர். டாக்குமெண்ட்ஸ் அல்லது பிக்சர்ஸ் போல்டரில் "தேன்சிட்டு" என ஒரு போல்டர் உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். அதனுள் ஊதா, லோட்டன், தெரியவில்லை என மூன்று போல்டர்கள். பைலின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2025-01-16-செம்பருத்தி-1 என்பது போல. இப்படி வைத்தால், பெயர் வரிசைப்படி அடுக்கும்போது படங்கள் தாமாகவே கால வரிசையில் வந்து நிற்கும்.

மூன்றாவது போல்டரை மறந்துவிடாதீர்கள். "தெரியவில்லை" என்ற போல்டர்தான் மற்ற இரண்டையும் சுத்தமாக வைத்திருக்கும்.

இருட்டில் இருந்து நிறத்தை எடுப்பது

மூலப் படத்தில் எப்போதும் கை வைக்கக் கூடாது. அதைக் காப்பி செய்து, நகலில்தான் எந்த வேலையும் செய்திட வேண்டும்.

நகலை விண்டோஸின் போட்டோஸ் புரோகிராமில் திறந்து, எடிட் பட்டனை அழுத்துங்கள். வெளிச்சத்தைச் சரி செய்யும் பிரிவில் ஷேடோஸ் என ஒரு ஸ்லைடர் கிடைக்கும். இது படத்தின் இருண்ட பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்கும். மவுஸால் இதை மெதுவாக வலப்புறம் இழுங்கள். கறுப்பு உருண்டையாக இருந்த பறவைக்கு வயிறு, இறக்கை, மார்பு எனத் தனித்தனிப் பகுதிகள் வருவதைக் காணலாம். வயிறு பழுப்பாகத் தெரிகிறதா, நீலக் கறுப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் சேவ் ஆஸ் காப்பி மூலம் தனி பைலாகப் பதிவு செய்திடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிறத்தை மாற்றும் மற்ற ஸ்லைடர்களைத் தொடாதீர்கள். நீலத்தையும் சிவப்பையும் கூட்டிக்கொண்டே போனால் எந்தப் பறவைக்கும் அரக்குப் பட்டை வந்துவிடும். அத்துடன், தேன்சிட்டின் மின்னல் நிறம் சாயத்தால் மட்டும் வருவதல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. பறவை சற்றுத் திரும்பினாலே நீலம் பச்சையாகும், பச்சை கறுப்பாகும். எனவே நிறம் ஒரு துணைச் சாட்சி மட்டுமே. முதல் சாட்சி அலகு.

அலகை அளக்கலாம்

எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் உள்ள பெயிண்ட் புரோகிராம் இதற்குப் போதும். பக்கவாட்டில் அலகு முழுவதும் தெரியும் ஒரு படத்தின் நகலைத் தேர்ந்தெடுங்கள்.

1. பைல் மீது ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித் பிரிவில் பெயிண்ட் தேர்ந்தெடுங்கள்.

2. கீழே வலது மூலையில் உள்ள ஜூம் ஸ்லைடரால் தலைப் பகுதியைப் பெரிதாக்குங்கள்.

3. மேலே உள்ள செலக்ட் கருவியைக் கிளிக் செய்து, அலகு முகத்தில் தொடங்கும் இடத்தில் இருந்து நுனி வரை மவுஸை அழுத்தியபடி இழுங்கள். புள்ளிக் கோட்டால் ஒரு கட்டம் உருவாகும். திரையின் அடியில் அந்தக் கட்டத்தின் அகலமும் உயரமும் பிக்ஸல் கணக்கில் காட்டப்படும். அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அதே போல, அலகு தொடங்கும் இடத்தில் இருந்து தலையின் பின்புறம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

5. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்துவிடுங்கள். இதற்குக் கால்குலேட்டர் புரோகிராம் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, தலை 70 பிக்ஸல், அலகு 76 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் ஒன்றை ஒட்டிய எண் வரும். இது ஊதாவின் பக்கம். தலை 70, அலகு 110 என்றால் ஒன்றரையைத் தாண்டுகிறது. இது லோட்டனின் பக்கம்.

பிக்ஸல் என்பது படத்தை உருவாக்கும் சிறு புள்ளி. பறவை பக்கத்தில் இருந்தால் தலையும் பெரிதாக விழும், அலகும் பெரிதாக விழும். தூரத்தில் இருந்தால் இரண்டுமே சிறிதாகும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று உள்ள விகிதம் மாறாது. அதனால்தான் ஸ்கேல் இல்லாமலேயே அளக்க முடிகிறது.

பறவை தலையைச் சாய்த்து, அலகு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருந்தால் கட்டத்தின் அகலம் சரியான அளவைத் தராது. அப்போது பழைய முறைதான். ஒரு காகிதத் துண்டைத் திரையில் மெதுவாக வைத்து, அலகின் இரு முனைகளும் எங்கே வருகின்றன என்று பாருங்கள். காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்துப் பென்சிலால் குறியுங்கள். திரை மீது வைத்து எழுதிக் கீறல் போட்டுவிடாதீர்கள். பிறகு அதே துண்டைத் தலை மீது வைத்து ஒப்பிடுங்கள்.

இந்த அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பறவை நம் பக்கம் முகத்தைத் திருப்பினால், நீண்ட அலகு சுருங்கித் தெரியும். உருண்டையான தலை அந்த அளவுக்குச் சுருங்காது. பூவிதழ் நுனியை மறைத்தாலும் அலகு குட்டையாகத்தான் தெரியும். கூட்டை விட்டு அண்மையில் வெளிவந்த இளம் பறவைகளின் அலகும் முழு நீளம் வளர்ந்திருக்காது. ஆக, லோட்டன் ஊதா போலத் தெரிய வாய்ப்புகள் பல. ஊதா லோட்டன் போலத் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. எனவே அலகு நீளமாக வந்தால் நம்பலாம். குட்டையாக வந்தால், நல்ல பக்கவாட்டுப் படம்தானா என்று இன்னொரு முறை பாருங்கள்.

பெயர் சொல்லும் சாப்ட்வேர்

மெர்லின் என்பது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட இலவச அப்ளிகேஷன். போனில் இன்ஸ்டால் செய்திட வேண்டும். உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஒரு முறை டவுன்லோட் செய்துவிட்டால், பிறகு இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். போட்டோவைக் கொடுத்து, எடுத்த இடத்தையும் தேதியையும் சொன்னால், எந்தப் பறவையாக இருக்கலாம் என்று பெயர்களைத் தரும்.

இது எப்படிக் கண்டுபிடிக்கிறது? உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் பெயர் குறித்து ஏற்றிய ஏராளமான படங்களைக் கொண்டு இந்த சாப்ட்வேர் பழக்கப்படுத்தப்பட்டுள்ளது. உங்கள் படம் அவற்றில் எந்தப் பறவையின் படங்களை அதிகம் ஒத்திருக்கிறது என்று பார்க்கிறது. அந்த இடத்தில், அந்த மாதத்தில் அந்தப் பறவை வருமா என்பதையும் கணக்கில் கொள்கிறது. இடத்தைத் தவறாகக் கொடுத்தால் விடையும் தவறாகலாம்.

மாமாவின் படங்களில் போன் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. ஆனால் இருண்ட படங்கள் இரண்டில் ஊதா என்றது. அவற்றுக்கு அடுத்தடுத்து எடுத்த படங்களில் அதே பறவை பக்கவாட்டில் திரும்பி, நீண்ட அலகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எனவே போன் தரும் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், சோதிக்க வேண்டிய ஓர் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பறவையின் இரண்டு மூன்று படங்களைக் கொடுத்துப் பாருங்கள். விடை மாறினால் அலகை அளந்து பாருங்கள்.

குரலைக் கண்ணால் பார்ப்பது

ஸெனோ-கான்டோ என்ற இணைய தளம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ளவர்கள் பதிவு செய்த பறவைக் குரல்களை இலவசமாகக் கேட்கலாம். பர்ப்பிள் சன்பேர்ட், லோட்டன்ஸ் சன்பேர்ட் என்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்து தேடுங்கள். ஒவ்வொரு பதிவுடனும் குரலின் படம் ஒன்றும் இருக்கும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகக் குரலின் உச்சம். கீச்சென்ற குரல் மேலே கோடாக விழும்.

உங்கள் போனில் பதிவு செய்த குரலையும் இப்படிப் பார்க்க, ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்திடுங்கள். ஒலி பைலைத் திறந்ததும் அலை வடிவம் தெரியும். ட்ராக்கின் பெயருக்கு அருகில் உள்ள மெனுவைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் தேர்ந்தெடுத்தால், குரல் படமாக மாறும். இதையும் தளத்தில் உள்ள படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். தொடக்கத்தில் குரலை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அலகின் சாட்சிக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன்லோட் செய்த குரலைத் தோட்டத்தில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிடாதீர்கள். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று பறவை பதறி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு விரட்ட வரும். ஹெட்போனில் கேளுங்கள்.

பட்டியலில் ஏற்றும் முன்

"ஊதாவோ லோட்டனோ, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நீங்கள் மட்டும் ரசிப்பதாக இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் பெயரை இணையத்தில் ஏற்றும்போது அது உங்களுடையதாக மட்டும் இருப்பதில்லை.

இபேர்ட் தளம் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்களும் இதில்தான் ஏற்றப்படுகின்றன. இந்தியாவில் எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்று கூறும் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை 2020ஆம் ஆண்டும் 2023ஆம் ஆண்டும் வெளிவந்தது. 2023ஆம் ஆண்டு அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்டில் ஏற்றிய சுமார் 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. சம்பளம் வாங்காத, நம்மைப் போன்ற வீட்டு மனிதர்கள் ஏற்றியவை இவை. இதில் ஒருவரின் தவறு கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இனங்களில் எல்லோரும் ஒரே பக்கம் தவறு செய்கிறார்கள். கறுப்பாக இருந்தால் ஊதா என்று எழுதிவிடுகிறோம். உலகில் இந்தப் பகுதியில் மட்டும் உள்ள லோட்டன், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் இருந்தும் பட்டியலில் இல்லாமல் போகிறது. தவறான பெயருடன் ஏறும் படங்களைக் கொண்டு சாப்ட்வேரைப் பழக்கினால், அது நம் தவறையே நமக்குத் திருப்பிச் சொல்லும்.

எனவே உறுதியாகத் தெரியாதபோது இனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தேன்சிட்டு, இனம் தெரியவில்லை என்று குறிக்கும் வசதியை இபேர்ட் தருகிறது. இது தோல்வி அல்ல. தெரிந்த அளவுக்கு எழுதுவதுதான் சரியான பதிவு. படம் இருந்தால் அதையும் பட்டியலுடன் ஏற்றுங்கள். நாளை யாராவது சந்தேகப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

சிவப்பு மை

மாமாவின் கம்ப்யூட்டரில் கறுப்புத் தேன்சிட்டின் படங்கள் 47 இருந்தன. இரண்டாம் நாள் இரவு முடிவு வந்தது. 22 ஊதா. 19 லோட்டன். 6 படங்கள் "தெரியவில்லை" போல்டருக்குப் போயின. எல்லாமே ஒரே செம்பருத்திச் செடியில் எடுத்தவை.

மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "மூணு வருஷப் பட்டியல் மாப்பிள்ளை. இப்பப் போய் தப்புன்னு மாத்தணுமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. அத்தைதான் சமையலறையில் இருந்து சொன்னார்: "முப்பத்தி நாலு வருஷம் பிள்ளைங்க நோட்டுல சிவப்பு மையில சுழிச்சீங்களே, அப்ப யாருக்குத் தெரியும்னு விட்டீங்களா?"

மறுநாள் காலை மாமா கம்ப்யூட்டரைப் போட்டார். இபேர்ட் தளத்தில் ஏற்கனவே ஏற்றிய பட்டியலைத் திறந்து திருத்த முடியும். லாகின் செய்து, உங்கள் பட்டியல்கள் உள்ள பகுதிக்குச் சென்று, தேதியைத் தேடி, பறவையின் பெயரை மாற்றிப் பதிவு செய்தால் போதும். பைலின் பெயரில் தேதி இருந்ததால் எந்தப் படம் எந்த நாள் பட்டியலுக்கு உரியது என்று தேடும் வேலை இல்லாமல் போயிற்று. லோட்டன் என்று உறுதியானவற்றை மாற்றிப் படத்தையும் இணைத்தார். படம் எடுக்காத நாட்களின் பட்டியல்கள்தான் அதிகம். அவற்றில் எல்லாம் ஊதா என்பதை எடுத்துவிட்டு, இனம் தெரியவில்லை என்று குறித்தார். நாங்கள் ஊருக்குக் கிளம்பியபோது பாதிதான் முடிந்திருந்தது. மீதியைத் தினமும் பத்துப் பட்டியல் வீதம் முடித்துவிட்டதாகப் பிறகு போனில் சொன்னார்.

அந்தப் படங்களை இப்போது ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வைத்திருக்கிறார். நீங்களும் அப்படிச் செய்திடுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் கெட்டுப்போனால், மூன்று ஆண்டு சாட்சியும் அதோடு போய்விடும்.

நாளை காலை உங்கள் செம்பருத்திக்குக் கறுப்புச் சிட்டு வந்தால், உடனே பெயர் சொல்ல வேண்டாம். அது பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள்.